அமுக்குவது பாதி, விடுவது பாதி

கல்யாண மண்டபத்தில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் திடீரென்று சரிந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இரண்டு நிமிடத்தில் என்னென்ன நடக்கும் என்று நம்மில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். "காத்து வரட்டும், விலகுங்க" என்று ஒருவர் கத்துவார். கத்தியவரே இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து எட்டிப் பார்ப்பார். ஒருவர் சோடாவுக்கு ஓடுவார். விழுந்தவரின் கைகால் லேசாக வெட்டினால் வலிப்பு என்று முடிவுகட்டி, யாருடைய பைக் சாவிக்கொத்தோ அவர் உள்ளங்கைக்குள் திணிக்கப்படும். "சுகர் இருக்கா இவருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெரியம்மா வாயில் சர்க்கரையைப் போடுவார். முகத்தில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. கார் எடுக்க ஆள் போயாகிவிட்டது.

எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அவர் இதயம் நின்றுபோயிருந்தால், இந்த இரண்டு நிமிடத்தில் அவருக்கு உதவக்கூடிய காரியம் ஒன்றுகூட நடக்கவில்லை. அவர் மார்பின் மேல் யாரும் கை வைக்கவில்லை.

இதயம் ரத்தத்தைத் தள்ளுவது நின்றால் பத்து நொடி, பதினைந்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். மூளைக்கு ரத்தம் போகாத அந்த முதல் கணங்களில் உடம்பு கொஞ்சம் வெட்டி இழுக்கலாம். வலிப்பு என்று நாம் எடுத்துக்கொள்வது அதைத்தான். (உண்மையான வலிப்புக்கும் இரும்புச் சாவி எதுவும் செய்வதில்லை என்பது வேறு கதை.) அதைவிடப் பெரிய ஏமாற்று வேலை செய்வது மூச்சு. இதயம் நின்றவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் முதல் சில நிமிடங்கள் கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து, விட்டு விட்டு, குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு காற்றை இழுப்பார்கள். நம் ஊரில் அதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: "இழுத்துக்கிட்டு இருக்கு." படுக்கையில் கிடக்கும் தாத்தாவைப் பற்றி அப்படிச் சொல்லும்போது அதன் அர்த்தம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே இழுவையை மண்டபத்தில் விழுந்தவரிடம் பார்த்தால் மட்டும் "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று ஆறுதல் அடைந்துவிடுகிறோம். அது மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல். நுரையீரலுக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை. மூச்சு இல்லை, அல்லது இயல்பாக இல்லை. இந்த இரண்டும் இருந்தால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நாடி பிடித்துப் பார்க்க வேண்டாம். பதற்றத்தில் பயிற்சி பெற்றவர்களே நாடியைத் தப்பாகச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு சொல் சிக்கலையும் தீர்த்துவிடலாம். நம் பத்திரிகைகள் திடீர் மரணம் எல்லாவற்றையும் 'மாரடைப்பு' என்று எழுதிவிடுகின்றன. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபடுவது. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் நினைவோடுதான் இருப்பார். சட்டை வியர்வையில் நனைய, "வாயுத் தொல்லைதான், ஒண்ணுமில்லை" என்று வாதாடிக்கொண்டே ஆட்டோவில் ஏறுவார். இதய நிறுத்தம் வந்தவர் வாதாட மாட்டார். மாரடைப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒரே காரணம் அல்ல. மின்சாரம் தாக்கினாலும், தண்ணீரில் மூழ்கினாலும், பிறவியிலேயே இதயத் தசை தடித்திருந்தாலும் அது நேரலாம். இந்த வித்தியாசம் தெரிந்தால் 'தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள்' என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றி வரும் யோசனையின் அபத்தமும் தெரியும். இருமும் நிலையில் இருப்பவருக்கு இதயம் நிற்கவில்லை. நின்றுவிட்டவரால் இரும முடியாது. இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் 108ஐ அழைத்திருக்கலாம்.

'நின்றுவிட்டது' என்று எழுதுகிறேனே, அதுவும் முழு உண்மை இல்லை. வெளியில் கூட்டத்துக்கு நடுவில் திடீரென விழுபவர்கள் பலருக்கு முதல் நிமிடங்களில் இதயம் சும்மா கிடப்பதில்லை, உதறிக்கொண்டிருக்கிறது. தேர்வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் வடம் பிடிக்கிறார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் ஒரே மூச்சில் இழுக்கிறார்கள், தேர் அசைகிறது. இதயத்தின் விசில் அதன் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு; அங்கிருந்து கிளம்பும் மின் அலை கீழறைகளின் கோடிக்கணக்கான தசைச் செல்களை ஒரே ஒழுங்கில் சுருங்க வைக்கிறது. இப்போது விசில் யாருக்கும் கேட்கவில்லை, ஆளாளுக்குத் தன் இஷ்டப்படி வடத்தைச் சுண்டுகிறார்கள் என்றால்? எல்லோரும் வேர்த்து விறுவிறுத்துப் போவார்கள், தேர் ஓர் அங்குலம் நகராது. மருத்துவத்தில் இதற்கு வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். மார்பைத் திறந்து நேரில் பார்த்த அறுவை மருத்துவர்கள், புழுக்கள் நெளியும் பையைப் போல இருக்கும் என்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட வெளியே தள்ளாத அந்த இதயம் தன் கையிருப்பு ஆற்றலை மட்டும் மளமளவென்று எரித்துத் தீர்க்கிறது. தீர்ந்ததும் உதறல் சிறுத்து, திரையில் நேர்கோடாகிவிடும்.

இந்த உதறலைப் பற்றிய அறிவில் பெரும் பகுதி மருத்துவமனையிலிருந்து வரவில்லை, மின்கம்பத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஊர் ஊராக மின்சாரம் பரவிய காலத்தில் கம்பத்தில் ஏறிய ஊழியர்கள் செத்து விழுந்தார்கள். காயம் பெரிதாக இருக்காது. ஆள் இருக்க மாட்டார். வீட்டு மின்சாரம் போன்ற மாறுமின்னோட்டம் மார்பு வழியாக 100 மில்லி ஆம்பியர் அளவுக்குப் பாய்ந்தாலே இதயத்தை உதறலுக்குத் தள்ளிவிடலாம். மின் நிறுவனங்கள் இதற்கு வழி தேடச் சொல்லிப் பணம் கொடுத்தன. 1920களின் பிற்பகுதியில் அந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கௌவன்ஹோவன். அவர் மருத்துவர் அல்ல, மின்பொறியியல் பேராசிரியர். அவருக்கு முன்பே, 1899இல், ஜெனீவாவில் ப்ரெவோவும் பத்தெல்லியும் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருந்தார்கள்: சிறிய மின்னோட்டம் நாயின் இதயத்தில் உதறலைக் கிளப்புகிறது, அதைவிடப் பெரிய மின்னோட்டம் அதே உதறலை அடக்குகிறது. விஷத்தை விஷத்தால் எடுப்பது மாதிரி.

1947இல் கிளீவ்லாந்தில் கிளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் இதை முதன்முதலாக மனிதரிடம் செய்து வென்றார். நோயாளி 14 வயதுப் பையன். அறுவை சிகிச்சையின்போது இதயம் உதறத் தொடங்கியது. மார்பு திறந்தபடி இருந்தது. இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டே இருந்து, பிறகு மின்முனைகளை நேராக அதன் மேலேயே வைத்து அதிர்வு கொடுத்தார். பையன் பிழைத்தான். அக்காலத்தில் முறை அதுதான்: இதயம் நின்றால் மார்பைக் கீறி, கையை உள்ளே விட்டுப் பிசைய வேண்டும். அறுவை அரங்கத்துக்கு வெளியே விழுந்தவருக்கு இதில் வழியில்லை.

வழி தற்செயலாகக் கிடைத்தது. 1958இல் கௌவன்ஹோவனின் ஆய்வகத்தில் கை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் நாய்களிடம் சோதனை செய்துகொண்டிருந்தார். அதிர்வு கொடுக்கும் மின்தகடுகள் கனமானவை. மார்பில் அழுத்தமாக வைக்க வேண்டும். மின்சாரம் பாய்வதற்கு முன்பே, தகடுகளை வைத்து அழுத்திய அந்தக் கணத்திலேயே, ரத்த அழுத்தம் காட்டும் வரைகோடு சட்டென்று எழும்பியதை அவர் கவனித்தார். வேறொருவர் அதைக் கருவிக் கோளாறு என்று தள்ளியிருப்பார். இவர்கள் மின்சாரத்தை விட்டுவிட்டு அழுத்தத்தை ஆராய ஆரம்பித்தார்கள்: எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம். அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஜூட் அதை மனிதர்களிடம் கொண்டுபோனார். 1960 ஜூலையில் மூவரும் சேர்ந்து அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை, இதற்கு இரண்டு கைகள் போதும், யாரும் எங்கும் செய்யலாம் என்றது. 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்ததாக அதில் கணக்கு. அவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தெருவில் அந்தக் கணக்கு எங்கும் வருவதில்லை. அதே ஊரில் அதே காலத்தில் பீட்டர் சஃபார், நாம் வெளியே விடும் மூச்சிலேயே 16, 17 சதவீதம் ஆக்சிஜன் மிச்சமிருப்பதால் வாயோடு வாய் வைத்து ஊதினால் இன்னொருவருக்கு அது போதும் என்று காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்தால் கிடைப்பதுதான் சி.பி.ஆர்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இதைக் கற்றுக்கொள்ளப் போனேன். தரையில் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு பொம்மை. பக்கத்தில் இரண்டு சிறு விளக்குகள். போதுமான ஆழம் அமுக்கினால் ஒன்று எரியும், கையை முழுசாக விட்டால் மற்றது எரியும். ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர்தான் ஆசிரியர். மண்டிபோட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவில் எலும்பின் கீழ்ப்பாதியில் வைத்து, அதன் மேல் மறு கையைக் கோத்து, முழங்கையை மடக்காமல், தோளைக் கைக்கு நேர் மேலே கொண்டுவந்து ஆரம்பித்தேன். முதல் விளக்கு நன்றாக எரிந்தது. பெருமையாக இருந்தது.

"அமுக்குறீங்க சார், விடவே மாட்டேங்கிறீங்களே" என்றார் சிஸ்டர்.

இரண்டாவது விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு என் உடம்பின் பாரத்தை அதன் மேல் பாதி சாய்த்தபடியே வைத்திருந்தேன். "கை மார்பை விட்டு எழும்ப வேண்டாம், ஆனா பாரம் எழும்பணும். அந்த நெஞ்சு தானா மேல வரட்டும். அமுக்குறது மூளைக்கு, விடுறது இதயத்துக்கு." பல பாடநூல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அவர் சொன்னதன் உடலியல் இதுதான். அமுக்கும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறி, இதயமும் நெரிபட்டு, ரத்தம் பெருந்தமனி வழியாக மூளைப் பக்கம் போகிறது. விடும்போது மார்புக்கூடு விரிந்து, உடம்பிலிருந்து ரத்தத்தை உள்ளே உறிஞ்சுகிறது. இதயம் தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தன் அறைகளுக்குள் இருப்பதிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியில் பிரியும் கரோனரி தமனிகள் வழியாகத்தான் அதற்கும் வர வேண்டும். அந்த ஓட்டம் பெரும்பாலும் நாம் கையை விடும் வேளையில் நடக்கிறது. பாரத்தை விடாமல் சாய்ந்தே இருந்தால் உள்ளே அழுத்தம் குறையாது, இதயத்துக்கு ஓட்டம் கிடைக்காது. கரோனரி தமனியைத் தள்ளும் அந்த அழுத்த வித்தியாசத்தை நோயாளிகளிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். 100 பேரிடம் செய்து 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 15 மில்லிமீட்டர் பாதரசத்தைக்கூட எட்டாதவர்கள் ஒருவருக்கும் இதயம் திரும்பத் துடிக்கவில்லை.

அந்த அழுத்தம் முதல் அமுக்கலிலேயே வந்துவிடுவதுமில்லை. தெருமுனை அடிபம்பு நினைவிருக்கும். கொஞ்ச நேரம் யாரும் அடிக்காமல் விட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். நாலைந்து அடி வெறும் காற்றுதான் வரும், பிறகே குழாய் நிறைந்து தண்ணீர் கொட்டும். அடிப்பதை நிறுத்திப் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிவிட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து. மார்பழுத்தமும் அப்படியே. தொடர்ச்சியாக அமுக்க அமுக்கத்தான் ரத்தம் ஏறி வருகிறது. நிறுத்தினால் சில நொடிகளில் இறங்கிவிடுகிறது. எதற்காக நிறுத்தினாலும் பத்து நொடிக்கு மேல் போகக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஆழம் 5 சென்டிமீட்டர். 6ஐத் தாண்ட வேண்டாம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. வளர்ந்த ஆளின் மார்பை அந்த ஆழத்துக்கு அமுக்க நாற்பது, ஐம்பது கிலோ பாரம் வேண்டியிருக்கும். புஜத்தால் முடியாது, இடுப்பிலிருந்து வர வேண்டும். பஞ்சு மெத்தையில் கிடந்தால் மெத்தைதான் அமுங்கும். தரைக்கு இறக்கிவிட வேண்டும். விலா எலும்பு முறியலாம், அடிக்கடி முறிகிறது, அந்தச் சத்தம் கையில் தெரியும் என்றார் சிஸ்டர். நிறுத்தாதீர்கள் என்றார். ஒன்றரை நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது சொகுசுக்காகச் சொன்னதல்ல. களைத்த கை ஆழமாக அமுக்குவதில்லை, தான் ஆழம் குறைந்ததை உணர்வதுமில்லை. மண்டபத்தில் ஆட்களுக்கா பஞ்சம்?

இவ்வளவு பாடுபட்டும் நம் கை தருவது நல்ல இதயம் தள்ளும் ரத்தத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. அது அவரை எழுப்பி உட்காரவைக்காது. மூளைச் செல்கள் சாகாமலும், இதயம் தன் கடைசி எண்ணெயையும் எரித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளும். ஒன்றும் செய்யாமல் நின்றால் உதறும் இதயத்தை மீட்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வீதம் கரைகிறது. அமுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கரைவு மெதுவாகிறது.

வாயில் ஊதுவது? பெரியவர் ஒருவர் கண்ணெதிரே விழுந்தால் அவர் ரத்தத்தில் சில நிமிடத்துக்கு ஆக்சிஜன் மிச்சமிருக்கும். தள்ளுவதற்குத்தான் ஆள் இல்லை. அதனால் பயிற்சியில்லாதவர்கள் அமுக்கினால் மட்டும் போதும். இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறியும் பொதுமக்களுக்கு அதையேதான் சொல்கிறது. கிணற்றிலிருந்து தூக்கிய பிள்ளைக்குக் கதை வேறு. அங்கே முதலில் தீர்ந்தது ஆக்சிஜன். ஊதத் தெரிந்தவர் ஊதித்தான் ஆக வேண்டும்.

இப்போது ஷாக் இயந்திரத்துக்கு வருவோம். நம் சினிமாவில் அது எப்போது வரும்? திரையில் கோடு நேராகி 'கீ' என்ற நீண்ட ஒலி கேட்ட பிறகு. மருத்துவர் இரண்டு இஸ்திரிப்பெட்டிகளை ஒன்றோடொன்று தேய்த்து நெஞ்சில் வைப்பார், உடல் கட்டிலை விட்டு ஓரடி துள்ளும், கோடு மறுபடி குதிக்கும், வெளியே தாயார் கையெடுத்துக் கும்பிடுவார். நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை. கொடுத்துப் பயனில்லை. அந்த இயந்திரம் நின்ற இதயத்தை ஓட்டுவதற்கானது அல்ல. கன்னாபின்னாவென்று ஓடும் இதயத்தை நிறுத்துவதற்கானது. ஒரே அதிர்வில் எல்லாத் தசைச் செல்களும் ஒருசேர வடத்தைக் கீழே போட்டுவிடுகின்றன. சில நொடி நிசப்தம். இதயத்தில் தானாகத் துடிப்பைக் கிளப்ப வல்ல செல்கள் வேறு இடங்களிலும் உண்டு என்றாலும், அவற்றில் சைனஸ் கணுதான் வேகமானது. அது முதலில் விழித்துக்கொண்டு விசிலை ஊதுகிறது. ஆக இயந்திரம் செய்வது வாயடைப்பு மட்டும். தேரை இழுப்பது இதயம்தான். இழுக்க அதற்குத் தெம்பு இருக்க வேண்டும், அந்தத் தெம்பை ஊட்டியது அதுவரை அமுக்கி விட்ட கை.

எவ்வளவு மின்சாரம் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இன்றைய கருவிகள் 150, 200 ஜூல் அளவில் கொடுக்கின்றன. ரேஷன் கடையில் வாங்கிய 20 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் தூக்க ஆகும் ஆற்றல்தான் 200 ஜூல். ஆனால் மூட்டையை நாம் இரண்டு நொடியில் தூக்குகிறோம். கருவி அதைக் கிட்டத்தட்ட நூறில் ஒரு நொடிக்குள் கொட்டிவிடுகிறது. அந்த இமைப்பொழுதில் பாயும் மின்னோட்டம், மின்கம்பத்தில் ஆளைக் கொன்ற 100 மில்லி ஆம்பியரைப் போல நூறு மடங்குக்கும் மேல். ஜெனீவாவில் நாய்களிடம் பார்த்த அதே விசித்திரம்.

இதை மருத்துவமனையை விட்டு வெளியே இழுத்து வந்தவர் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ். இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை மருத்துவராகச் சிங்கப்பூரில் இருந்தவர். 1942இல் அது வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் கைதியாகி, சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்கு அனுப்பப்பட்டார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே பாதை. சத்துக்குறைவால் இதயத்தைத் தாக்கும் பெரிபெரி நோயோடு குற்றுயிராகத் திரும்பினார். இதய மருத்துவரான பிறகு அவர் பார்த்தது, மாரடைப்பில் சாகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில மணி நேரத்திலேயே, மருத்துவமனைக்கு வருமுன்பே சாகிறார்கள் என்பதை. அப்படியானால் இயந்திரம்தான் அவர்களிடம் போக வேண்டும். 1965இல் கார் பேட்டரிகளைக் கொண்டு ஓடும் ஒன்றைச் செய்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். எடை 70 கிலோ. சில ஆண்டுகளில் அதை 3 கிலோ சொச்சத்துக்கு இறக்கினார்.

இன்று விமான நிலையங்களிலும் மால்களிலும் சுவரில் இதயமும் மின்னலும் வரைந்த பெட்டியில் தொங்கும் ஏ.இ.டி. என்ற தானியங்கி ஷாக் கருவி அந்த வம்சத்தின் பேரப்பிள்ளை. பெட்டியைத் திறந்தால் அதுவே பேசும். பேச்சு புரியாவிட்டாலும் ஒட்டுத்தகடுகளிலேயே படம் போட்டிருக்கும்: ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். மார்பு ஈரமாக இருந்தால் துடைத்துவிட வேண்டும். கழுத்துச் சங்கிலி, தாலிக்கொடி தகட்டின் அடியில் வராமல் ஒதுக்கினால் போதும், கழற்ற நேரம் செலவழிக்க வேண்டாம். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் புடைப்பு தெரிந்தால் அதன் மேல் ஒட்டக் கூடாது. ஒட்டும் வரை இன்னொருவர் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு கருவி இதயத்தின் மின்னலையைப் படிக்கும். அப்போது மட்டும் யாரும் தொடக் கூடாது. உதறல் போன்ற, ஷாக்கால் அடங்கக்கூடிய கோளாறு இருந்தால்தான் அது ஷாக் கொடுக்கும். நேர்கோடாகவோ ஒழுங்கான துடிப்பாகவோ இருந்தால் நீங்கள் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் கொடுக்காது. தப்பாகக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்துக்கு அங்கே இடமே இல்லை. ஷாக் கொடுத்ததும் திரையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பலர் செய்யும் பிழை. உடனே கையை வைத்து இன்னும் இரண்டு நிமிடம் அமுக்க வேண்டும். அப்போதுதான் அடங்கிய இதயம் பெரும்பாலும் உடனே ரத்தம் தள்ளும் நிலையில் இருப்பதில்லை.

மருத்துவர் இல்லாமல் இது நடக்குமா என்ற சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு மருத்துவமனை அல்ல, சூதாட்ட விடுதிகள். லாஸ் வேகாஸின் கேசினோக்களில் காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுத்து ஏ.இ.டி.யும் கொடுத்தார்கள். அங்கே மூலைக்கு மூலை கேமரா. ஆள் எந்த நொடியில் விழுந்தார், எந்த நொடியில் ஷாக் போனது என்பதை ஒளிப்பதிவிலிருந்தே கணக்கெடுக்க முடிந்தது. 2000இல் வெளியான முடிவு: உதறல் கண்ட 105 பேரில் 53 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். விழுவதை யாரோ பார்த்து, 3 நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம். 3 நிமிடம் தாண்டியவர்களில் 49.

விழுவது பெண்ணாக இருந்தால் நிலைமை மோசம். அமெரிக்காவில் பொது இடத்தில் விழுந்தவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில், ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு அக்கம்பக்கத்தார் சி.பி.ஆர். செய்திருந்தார்கள், பெண்களில் 39. புடவையும் ரவிக்கையும் அணியும் நம் ஊரில் தயக்கம் இதைவிடக் குறைவாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. அமுக்குவதற்கு ஆடையை விலக்கத் தேவையில்லை. தகடு ஒட்டுவதற்கு வேண்டியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, சுற்றி நிற்கும் நாலு பெண்கள் ஒரு சேலையை விரித்து மறைத்துப் பிடித்தால் முடிந்தது.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்தில் சரிந்ததைப் பலரும் நேரலையில் பார்த்திருப்பீர்கள். சக வீரர்கள் முதுகைக் காட்டி வட்டமாக நின்று அவரை மறைத்தார்கள். உள்ளே மார்பழுத்தமும் ஒரு ஷாக்கும் நடந்தன. எட்டு மாதம் கழித்து, உடம்புக்குள் பொருத்திய ஒரு சிறு ஷாக் கருவியோடு அவர் இங்கிலாந்தில் மீண்டும் ஆடினார். அதைவிடப் பெரிய செய்தி டென்மார்க்கின் சாதாரண ஜனங்களைப் பற்றியது. 2005இலிருந்து டென்மார்க் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. 2006இலிருந்து ஓட்டுநர் உரிமம் வாங்கவும் இந்தப் பயிற்சி கட்டாயம். 2001இல் வெளியில் இதயம் நின்றவர்களில் 21 சதவீதம் பேருக்கே வழிப்போக்கர்கள் சி.பி.ஆர். செய்தார்கள், 2010இல் 45 சதவீதம் பேருக்கு. முப்பது நாள் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதம் ஆனார்கள். பயிற்சி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, மருத்துவமும் அந்தப் பத்தாண்டில் வளர்ந்தது. ஆனாலும் ஓட்டுநர் உரிமத்துக்கு எட்டு போட்டுக் காட்டச் சொல்லும் நாம், கூடவே ஒரு பொம்மையையும் அமுக்கிக் காட்டச் சொல்வதில் என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் அலுவலகத்தில், அடுக்குமாடி வளாகத்தில், அடிக்கடி போகும் மாலில் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று இந்த வாரம் பாருங்கள். இருந்தால் பக்கத்தில் போய், நிலைகாட்டும் விளக்கு பேட்டரி சரி என்கிறதா, ஒட்டுத்தகடுகளின் காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று கேளுங்கள். "சூப்பர்வைசர் ஊருக்குப் போயிருக்கார்" என்று பதில் வந்தால், அங்கே பெட்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஒரு மதியம் போதும். போனால், பொம்மையின் முதல் விளக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். இரண்டாவது விளக்கும் எரிகிறதா என்று பாருங்கள்.